கட்டுரை அனுப்பியாகிவிட்டதா? பதில் வரும்வரை கவனிக்க வேண்டியவை

பத்திரிகைக்குக் கட்டுரையை ஈ-மெயிலில் அனுப்பிவிட்டு, மணிக்கொரு முறை இன்பாக்ஸைத் திறந்து பார்க்கிறீர்களா? நானும் அப்படிப் பார்த்தவன்தான். ஒரு மாத இதழுக்குக் கட்டுரை அனுப்பி மூன்று மாதம் காத்திருந்தேன். பிறகு போன் செய்தால், "எழுத்து குப்பையாகத் தெரிகிறது, திருப்பி அனுப்புங்கள் என்று அப்போதே பதில் போட்டோமே" என்றார்கள். பதில் என் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போயிருக்க வேண்டும். ஜிமெயில் ஸ்பாமில் உள்ளதை 30 நாளில் அழித்துவிடும். அதற்குள் அதே விஷயத்தை வேறொருவர் எழுதி அச்சுக்கும் போய்விட்டது.

முதலில் எழுத்துரு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்று தெரியும். யூனிகோடில் அப்படியில்லை. 'அ'வுக்கென்றே 2949 என்ற தனி எண் இருக்கிறது. எனவே அனுப்பியதும் சென்ட் ஃபோல்டரைத் திறந்து, இணைத்த ஃபைலை உங்கள் செல்போனில் பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் பெரும்பாலும் ஆசிரியருக்கும் தெரியும். பிடிஎஃப் ஆக அனுப்பலாமே என்பீர்கள். படிக்கலாம், ஆனால் திருத்துவது பெரும்பாடு. வேர்டு ஃபைலே நல்லது.

அடுத்தது ஸ்பாம். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதிக்குச் சென்று பத்திரிகையின் முகவரியைக் கொடுத்து, 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' என்பதை டிக் செய்யுங்கள். ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பாமில் உள்ளவை வராது என்பதையும் நினைவில் வையுங்கள். 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் மெயில் வந்திருந்தால் உங்கள் கட்டுரை போய்ச் சேரவே இல்லை. பெரும்பாலும் முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருக்கும்.

பல இதழ்களுக்கு எழுதுபவர்கள் எக்ஸெலில் ஒரு ஷீட் போடுங்கள். தலைப்பு, இதழ், அனுப்பிய தேதி போதும். நான்காவது காலத்தில் டுடே ஃபங்ஷனிலிருந்து அனுப்பிய தேதியைக் கழித்தால் எத்தனை நாள் ஆனது என்று தெரியும். விடை ஏதோ ஒரு தேதியாக வந்தால் பயப்படாதீர்கள். செல் ஃபார்மேட்டை 'ஜெனரல்' என மாற்றினால் சரியாகிவிடும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? இதழே காலம் சொல்லியிருந்தால் அதுவரை. சொல்லாவிட்டால் மாத இதழுக்கு இரண்டு மாதம் என்பது என் கணக்கு. நினைவூட்டலைப் புது மெயிலாக அனுப்பாதீர்கள். பழைய மெயிலைத் திறந்து 'ரிப்ளை' கொடுத்து எழுதினால் முதலில் அனுப்பியதும் அதனோடு சேர்ந்தே இருக்கும். ஆனால் ரிப்ளையில் பழைய இணைப்பு தானாக வராது, ஃபைலை மறுபடி இணைக்க வேண்டும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிவிட்டு, பிறகு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஷீட்டிலும் தேதியை மாற்றிவிடுங்கள்.