கிடாயும் பூசணிக்காயும்: பலி பற்றி திருமுருகாற்றுப்படை சொல்லும் பாடம்

 

நம்ம சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுதபூஜை முடிந்ததும் பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமமும் சில்லறையும் நிரப்பி வாசலில் உடைப்பார்கள். சிவப்பாகச் சிதறும். ரத்த பலிக்குப் பதிலாக வந்ததுதான் அது.

"முருகனுக்கு ரத்த பலியா? கிடையவே கிடையாது" என்று சிலர் சொல்வாங்க. நக்கீரரின் திருமுருகாற்றுப்படையைப் பாருங்க. திருவேரகத்தில் முத்தீ வளர்க்கும் அந்தணர்கள் ஈர உடையோடு ஆறெழுத்தை ஓதி மலர் தூவுகிறார்கள். கடைசிப் பகுதியில் குறமகள் கிடாயின் ரத்தம் கலந்த வெள்ளரிசியைப் பலியாக வைக்கிறாள். இரண்டு இடத்திலும் ஒரே முருகன். ஒரு வழிபாட்டை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை நக்கீரர்.

வேத காலத்து யக்ஞங்களிலும் விலங்கு பலி உண்டு. பழைய ஈரானின் ஜரதுஷ்டிர சமயத்தில் வேள்விக்கு 'யஸ்னா' என்று பெயர். யக்ஞம், யஸ்னா இரண்டும் ஒரே வேர்ச்சொல். இங்கே சோமம், அங்கே ஹவோமம். அனாஹிதா தேவிக்கு 100 குதிரை, 1,000 மாடு, 10,000 ஆடு பலியிட்டவர்களைப் பற்றி அவஸ்தா நூல் சொல்கிறது. அந்தச் சமயத்தைப் பின்பற்றும் பார்சிகளுக்குச் சென்னை ராயபுரத்தில் 1910-ல் கட்டிய அக்னி கோயில் இருக்கிறது. இன்று அவர்கள் அக்னிக்குக் கொடுப்பது சந்தனக்கட்டை.

நம்மிடமும் அதே மாற்றம்தான். மொட்டை போடுகிறோம், பால்குடம் எடுக்கிறோம், காவடி சுமக்கிறோம். வேறொரு உயிருக்குப் பதில் நம் முடியும் நம் தோளும்!

கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1950-லேயே வந்தது. 2003-ல் கடுமையாக அமல்படுத்தினாங்க. கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பி, 2004-ல் சட்டமே ரத்தானது. ஆகவே முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டும் சொந்தக்காரரை இளக்காரமாகப் பேச வேண்டாம். அவர் வழிபாடும் பழசுதான். அதே சமயம், பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக நாம் திரும்பப் போகவும் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பூசணிக்காயை உடைத்தால் ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிடுங்க. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் பிள்ளை அதில் வழுக்கி விழுந்தால், எந்த ரத்தம் சிந்தக்கூடாது என்று காயை உடைத்தோமோ, அதே ரத்தம் ரோட்டில் சிந்தும்.

வேலும் மயிலும் துணை. படித்தவர்கள் மற்ற குரூப்புக்கும் அனுப்புங்க.