பயணத்தின் இறுதி நாள்

குழுவாக அயல்நாடு காணச் செல்வோர்க்கு இறுதி நாளே அரிய நாளாகும். முதல் நாளில் கண்டவையெல்லாம் புதுமையாகத் தோன்றும். இடைநாள்களில் களைப்பு மிகும். இறுதி நாளிலோ, காணவேண்டியவை பல இருக்க, காலம் சிறிதே எஞ்சும். எதைக் காண்பது, எதை விடுப்பது என்னும் வினா அன்றுதான் எழும்.

தென்னாடு காண வந்த அயல்நாட்டுக் குழுவொன்று, தன் பயணத்தை மதுரையில் முடிப்பதாகக் கொள்க. குமரிமுனையினின்று வடக்கு நோக்கி வரும் ஊர்தி, திருமங்கலத்தைக் கடந்து திருநகரை அடைகிறது. அப்பால் திருப்பரங்குன்றம் நிமிர்ந்து நிற்கிறது. முருகனின் அறுபடை வீடுகளுள் முதலாவதாகிய இக்கோயிலின் கருவறை, குன்றைக் குடைந்து அமைக்கப்பெற்றது. கல்லின்மேல் கல் அடுக்காது, மலையையே கோயிலாக்கிய பாண்டியர் காலச் சிற்பியரின் திறம் கண்டு குழுவினர் வியக்கின்றனர்.

பின்னர் அவர்கள் நகருள் புகுந்து மீனாட்சியம்மன் கோயிலை அடைகின்றனர். ஒருவர் கோபுரங்களை எண்ணுகிறார். ஒருவர் ஓயாது நிழற்படம் எடுக்கிறார். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்று கேட்டு மற்றொருவர் குறித்துக்கொள்கிறார். அடுத்து, 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களிடையே அனைவரும் உலவுகின்றனர். அப்பெரிய அரண்மனையில் இன்று எஞ்சி நிற்பது ஒரு பகுதியே என அறிந்து மலைக்கின்றனர்.

நண்பகல் கழிகிறது. வானூர்தி நிலையம் செல்லுமுன் இரண்டு மணி நேரமே உள்ளது. சுங்குடிச் சேலை வாங்கக் கடைத்தெருவிற்குச் செல்லலாம் என்கின்றனர் பலர். வழிகாட்டியோ, “விலைக்கு வாங்க இயலாத ஆடையொன்று இந்நகரில் இருக்கிறது, அதைக் கண்டு செல்லுங்கள்” என்கிறார். குழுவினர் இசைகின்றனர்.

ஊர்தி காந்தி நினைவு அருங்காட்சியகத்தின்முன் நிற்கிறது. நாயக்கர் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பெற்றது அது. 1948 சனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடை அங்கே வைக்கப்பட்டுள்ளது. முழு ஆடைக்கு வழியற்ற ஏழைமக்களின் நிலைகண்டு, அடிகள் அரையாடை பூண்டதும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதி இல்லத்தில் தங்கியிருந்தபோது அவர் அம்முடிவை மேற்கொண்டார். இங்கே பூண்ட எளிய கோலத்தை அவர் இறுதிவரை மாற்றவில்லை.

இவற்றைக் கேட்டதும் குழுவில் பேச்சு அடங்குகிறது. நிழற்படக் கருவி தாழ்கிறது. எண்ணிக்கை குறித்த ஏடு மூடப்படுகிறது. ஒரு நகரைக் காண்பது வேறு. அதனை உணர்வது வேறு என்பது அவர்களுக்குப் புலனாகிறது. கடைத்தெருவிற்கு நேரமில்லை, அதற்காக வருந்துவாரும் இல்லை.

கடல்கடந்து வந்தோர் ஒரு பகலில் தேடிக் காண்பவற்றை, அருகில் வாழ்வோர் ஆண்டு முழுவதும் காணலாம். திருநகரினின்று திருப்பரங்குன்றம் நடந்து செல்லும் தொலைவே. அருங்காட்சியகமும் எட்டாத இடமன்று. ஆயினும், ‘நாளை பார்ப்போம்’ என்று நாளைக் கடத்துவோர் பலர். தம் ஊரை இறுதி நாள் காண்பார்போலக் கருத்தூன்றிக் காண்பவரே அதனை அறிந்தவராவர். அயலார் வந்து வினவும்போது, தலைகுனியாது விடை கூறவும் அவரால் இயலும்.