விக்கியில் பயனர் தரவைச் சேமிக்கும் இடத்தைத் தேர்வது

2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் தளங்களில், பயனர் ஒவ்வொருவரும் ‘காமன்.ஜேஎஸ்’ என்னும் தமது பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதி, தளத்தைத் தமக்கேற்ப நீட்டித்துக்கொள்ளலாம். பென்னலூரில் தங்கி, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையொன்றில் ஷிப்ட் முறையில் பணிபுரியும் ஒருவர், திருப்பெரும்புதூர் வட்டத்தில் ஒளிப்படம் இல்லாத ஊர்க் கட்டுரைகளின் பட்டியலையும், தாம் விரும்பும் காட்சி அமைப்பையும், படமெடுக்கச் செல்லும் நாள்களையும் அந்நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும் என விரும்பினால், இம்மூன்றையும் ஒரே இடத்தில் இடுவது தவறாகும்.

எளிய வழி உலாவியின் உள்சேமிப்பாகும். அதில் ஒரு தளத்திற்குப் பொதுவாக ஏறத்தாழ 5 மெகாபைட் இடம் கிடைக்கும், தரவும் வழங்கிக்குச் செல்லாது. ஆனால் தங்கும் விடுதியின் பொதுக் கணினியில் எழுதியது அலைபேசிக்கு வராது என்பதோடு, அதே உலாவியை அடுத்துத் திறப்பவர் கண்ணில் படவும் கூடும்.

அடுத்த வழி விருப்பத்தேர்வுகள். இவை பயனர் கணக்குடன் இணைத்துத் தரவுத்தளத்தில் வைக்கப்படும் அமைப்புகள். ‘யூசர்ஜேஎஸ்’ என்னும் முன்னொட்டுடன் தொடங்கும் பெயர்களை நிரலர் தம் தேவைக்கு ஏபிஐ வழியாக, அதாவது நிரல்கள் தளத்துடன் பேசும் வாயில் வழியாக, எழுதிக்கொள்ளலாம். இவ்வாறு எழுதியது கணக்கைத் தொடர்ந்து எல்லாக் கருவிகளுக்கும் வரும். பிற பயனர்களுக்குத் தெரியாது. எனினும் அக்கணக்கில் இயங்கும் வேறெந்த நிரலும் அதைப் படிக்க முடியும் என்பதால், அயலார் எழுதிய நிரலைச் சோதிக்காமல் சேர்ப்பவருக்கு இந்த மறைவு பயன்படாது. ஒரு பெயருக்குரிய மதிப்பு சுமார் 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. உண்மையில் அவ்வளவு நிரப்புவதே பிழை, ஏனெனில் விருப்பத்தேர்வுகள் ஒவ்வொரு பக்கத்துடனும் சேர்ந்து ஏற்றப்படுகின்றன. ‘ஆம், இல்லை’ போன்ற சிறு தேர்வுகளுக்கே இவ்விடம் உரியது.

ஊர்ப்பட்டியலுக்கு ஏற்றது, பயனர் வெளியில் ‘ஜேசன்’ என முடியும் பெயரில் உருவாக்கும் துணைப்பக்கம். ஜேசன் என்பது பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் ஓர் ஒழுங்குமுறை. அப்பக்கத்தை உரியவரும் நிர்வாகிகளும் இடைமுக நிர்வாகிகளும் மட்டுமே திருத்தலாம். படிப்பதோ எவராலும் இயலும், ஒவ்வொரு சேமிப்பும் வரலாற்றில் பதியும். இன்று நீக்கிய வரி பழைய பதிப்பில் நிற்கும் என்பதால், பணிநேரத்தையும் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும் படப்பிடிப்பு நாள்களை இங்கே எழுதவே கூடாது. அவை பயனரின் சொந்த அலைபேசியின் உலாவியில் தங்குவதே நல்லது.

2013 முதல் விக்கிமீடியாத் தளங்களில் வார்ப்புருக்களுக்குத் துணைநிற்கும் லுவா மொழியைப் பயனர் தரவைச் சேமிக்கும் பணிக்கு நீட்டிக்க முயல்பவர் ஏமாறுவர். லுவா ஜேசன் பக்கத்தைப் படித்து அட்டவணை ஆக்கும், எதையும் எழுதாது. அது ஆக்கிய பக்கம் தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டு எல்லா வாசகருக்கும் பொதுவாக வழங்கப்படுவதால், ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனி விடை தரும் பணி அதற்கு உரியதன்று.

தரவுத்தளத்தில் தனி அட்டவணை அமைக்கும், பிஎச்பி மொழியில் எழுதும் நீட்சி எல்லாவற்றினும் வலியது. ஆயினும் விக்கிமீடியாவில் அது பாதுகாப்புச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்பதால், ஒரகடத்துத் தொழிற்சாலையொன்று தன் உள்பயன்பாட்டுக்கென நடத்தும் விக்கி போன்று வழங்கி தன் கையில் இருக்கும் இடத்திலேயே அவ்வழி தகும்.