நீ அனுப்பிய உறுதிமொழித் தாள்

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள வித்யா,

நியூஜெர்சியிலிருந்து நீ அனுப்பிய கூரியர் வியாழக்கிழமை வந்தது. தனியாகத் தத்தெடுக்கும் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவர் எழுதித் தரும் உறுதிமொழி. என் பெயரை நீயே டைப் செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய். மூன்று நாளாக அந்தத் தாள் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

போனில் நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. வீட்டையும் ஆளையும் விசாரிக்கும் ஹோம் ஸ்டடிக்கு வந்த அம்மாள் இரண்டு மணி நேரம் உன்னைக் குடைந்தாளாம். சம்பளம் எவ்வளவு, உனக்குக் காய்ச்சல் வந்தால் குழந்தைக்கு யார் சமைப்பார்கள், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பெற்றுக்கொள்கிறவர்களை யாராவது இப்படிக் கேட்கிறார்களா பெரியம்மா?" என்றாய். யாரும் கேட்பதில்லைதான். ஆனால் இருபத்தெட்டு வருடம் சென்னைக்கு வெளியே ஒரு குழந்தைகள் இல்லத்தில் பதிவேடு எழுதியவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். தொட்டிலில் கிடப்பது வாய் திறந்து கேட்க முடியாது. அதற்குப் பதிலாக யாராவது கேட்கத்தான் வேண்டும்.

கல்யாணமாகாதது உன் விண்ணப்பத்துக்குக் குறையே இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனி ஆளும் தத்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. தனி ஆணுக்குத்தான் பெண் குழந்தை கிடையாது. பெண்ணுக்கு அந்தத் தடையும் இல்லை. நடிகை சுஷ்மிதா சென் 2000த்தில் தன் முதல் மகளைத் தத்தெடுத்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஊர் பேசத்தான் செய்தது. பேசி ஓய்ந்தும் போனது.

இத்தனை தாள்கள் எதற்கு என்று கேட்டாயே, ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஏமாந்த ஒரு தாய் இருக்கிறாள். 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பல தாள்களில் தாய் என்று கையெழுத்திட்டவள் பெற்றவளே இல்லை, கூலிக்கு வந்து நின்றவள். நம் ஊர் மட்டும் யோக்கியமா? வடசென்னைக் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் தத்துத் தாள்களோடு வெளிநாடு போன விஷயம் 2005இல் அம்பலமானது. அந்தத் தாய்மார்கள் தேடிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் வேறு கண்டத்தில் வேறு பெயரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வாங்கி வளர்த்தவர்களும் நல்லவர்கள்தான். அவர்களும் உன்னைப் போலக் குழந்தைக்கு ஏங்கியவர்கள்தான்.

வெளிநாட்டுத் தத்தில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1984இல் நீதிபதி பகவதி அமர்வு விதிமுறைகளை வகுத்தது. 1993இல் வெளிநாட்டுத் தத்துக்கான ஹேக் உடன்படிக்கை வந்தது. 2003இல் இந்தியா அதில் சேர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கசிவு நிற்கவில்லை. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. சீனா 2024இல் உறவினர்களைத் தவிர மற்ற வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்திவிட்டது. 2004இல் உங்கள் அமெரிக்காவுக்குத் தத்தாக வந்த வெளிநாட்டுக் குழந்தைகள் 22,000க்கும் மேல், 2023இல் 1,300க்கும் கீழே.

ஆகவே உன் அம்மா சொன்ன அந்த நர்ஸ் பேச்சை இன்றோடு விடு. "தெரிந்தவள், பிறந்த குழந்தையை நாளைக்கே கையில் கொடுத்துவிடுவாள்" என்றாளாம். பெற்றவள் சட்டப்படி குழந்தையை ஒப்படைத்தால்கூட, மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே குழந்தை நலக் குழு அதைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கும். நாளைக்கே தருகிறேன் என்பவள் அந்த இரண்டு மாதத்தைப் பெற்றவளிடமிருந்து திருடுகிறாள். குழந்தையை விலைக்கு வாங்குவது ஐந்து ஆண்டு வரை சிறை தரும் குற்றம். உன் வழி ஒன்றே ஒன்றுதான். அங்கே அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி, இங்கே டெல்லியில் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காரா, கடைசியில் மாவட்ட ஆட்சியரின் ஆணை.

எந்தக் குழந்தை வரும் என்பதையும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டில் இருப்பவர்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும்தான் முதல் வரிசை. உன் கையில் இருப்பது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. வெளிநாட்டுத் தத்துக்குள் உனக்கு முன்னுரிமை உண்டு, ஆனாலும் அந்த முதல் வரிசைக்குப் பின்னால்தான். ஆரோக்கியமான கைக்குழந்தை உன் வரை வருவது அபூர்வம். ஐந்து வயதைத் தாண்டியவர்கள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், உடல் குறையோ நோயோ உள்ளவர்கள், இவர்கள்தான் வருவார்கள். மருத்துவ அறிக்கை வந்ததும் போட்டோவைப் பார்த்து உருகிவிடாதே. முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோ. இதயத்தில் ஓட்டை என்றால் எத்தனை அறுவை, காது கேளாது என்றால் உன் ஊர்ப் பள்ளியில் என்ன வசதி என்று கேள். உன்னால் முடியாது என்று தோன்றினால் அப்போதே சொல்லிவிடு. அழைத்துப்போன பிறகு கைவிரிப்பதுதான் பாவம்.

முப்பத்தேழு ஆகிவிட்டது, நாற்பதுக்குள் முடித்தாக வேண்டும் என்று பதறுகிறாய். தனியாக இருப்பவருக்கு நாற்பது வரை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, நாற்பத்தைந்து வரை நான்கு வயதுக்குட்பட்டது, ஐம்பது வரை எட்டு, அதற்கு மேல் ஐம்பத்தைந்து வரை பெரிய பிள்ளைகள். கணக்கு அவ்வளவுதான். உன் வயது ஏற ஏறக் குழந்தையின் வயதும் ஏறும். அதற்காக ஓட வேண்டாம்.

இந்தியக் குழந்தைதானே, நம் வீட்டுப் பிள்ளை போலவே ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்காதே. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வரும் பிள்ளைக்கு உன் தமிழும் அந்நியம், உன் இங்கிலீஷும் அந்நியம். பசி, வலி, பயம், ஒன்றுக்கு என்று அதன் மொழியில் ஐம்பது சொல் கற்றுக்கொண்டு போ. தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைத்தால் திட்டாதே. நாளைக்கும் சோறு கிடைக்கும் என்று அதன் வயிறு நம்ப மாதக்கணக்காகும். நம் வீட்டு வழக்கப்படி வந்தவர் போனவர் எல்லாரும் தூக்கிக் கொஞ்ச விடாதே. பல கை மாறி வந்த பிள்ளை அது. சில மாதமாவது ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் உன் கையாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. நான் ஓய்வு பெறுவதற்கு முன் ஸ்வீடனிலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி இல்லத்துக்கு வந்தாள். தன் அம்மாவைத் தேடி. பழைய பதிவேட்டை எடுத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் அவளைப் பற்றி ஒன்றரை வரி எழுதியிருந்தார். தேதி, எடை, "தாய் வறுமை". அவள் அந்த ஒன்றரை வரியைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் பதிவேட்டில் குழந்தை போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூட எழுத ஆரம்பித்தேன். நீயும் இல்லத்தில் எல்லாவற்றையும் கேட்டு வாங்கு. பழைய போட்டோ, கூப்பிட்ட பெயர், பார்த்துக்கொண்ட ஆயாவின் முகம். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழையும் உடனே வாங்கி அதோடு வை. வளர்த்தவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டதால், ஆளான பிறகு நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. ராத்திரி சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறேன். நியூஜெர்சியில் உனக்கு ஒன்று என்றால், மொழி தெரியாத பிள்ளையைப் பெரம்பூருக்கு வரவழைத்து நான் என்ன செய்வேன்? இது உனக்கும் தெரியும். தெரிந்தேதான் என் பெயரைப் போட்டாய். ஏனென்றால் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் உன் அண்ணனோடு நீ ஒன்றரை வருடமாகப் பேசவில்லை. "அப்பா இல்லாத வீட்டில் குழந்தை எதற்கு" என்று அவன் சொன்னது தப்புதான். ஆனால் அண்ணி ரமா உன்னிடம் ஒரு வார்த்தை தவறிப் பேசியதில்லையே.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். என் பெயரைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். இது உன் கைக்குக் கிடைத்த அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய், ரமாவிடம் நேரில் கேட்டு, அவள் பெயரை எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா