ஹெரால்டுக்கு எந்த மேனுவல்?

மூலனூர்ல உங்க வீட்டு ஷெட்டுல தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குதா? ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி சரியான மேனுவலைத் தேடுங்க.

1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய இது, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான். அதே சேசிஸைச் சுருக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால பின் சஸ்பென்ஷன் அமைப்பைப் புரிஞ்சுக்க டிரையம்ப் மேனுவல் உதவும்.

ஆனா எஞ்சின்ல கவனம். அங்கே 1961-லேயே ஹெரால்டு 1200-க்கு 1147 சிசி வந்துடுச்சு. நம்ம ஹெரால்டுக்கு 948 சிசிதான். சிலிண்டர் விட்டம் 948-க்கு 63 மி.மீ., 1147-க்கு 69.3 மி.மீ. 1200 புத்தகத்தைப் பார்த்து பிஸ்டன் வாங்கினா காசு வீண்.

1972-ல் வந்த கெஸல்னா பின் ஆக்சிலே வேற.

கழட்டி மாட்ட ஒர்க்‌ஷாப் மேனுவல், உதிரிபாகம் வாங்க பார்ட்ஸ் கேட்டலாக். ரெண்டையும் அட்டையில இருக்கிற பேரை வச்சு இல்ல, உள்ளே இருக்கிற அளவுகளை வண்டியோட ஒப்பிட்டு வாங்குங்க.