கூட்டத்துக்குத் தப்பிக் கடலில் இறங்காதீர்கள்

பருவகால ஆலோசனை: சித்திரை முதல் ஆனி வரை
யாருக்கு: பிள்ளைகளை முதன்முறையாகப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு

முழுப்பரீட்சை முடிகிறது. இனிப் பள்ளி திறக்கும்வரை வீட்டில் ஒரே கேள்விதான்: எங்கே கூட்டிப் போகப் போகிறீர்கள்? பூங்கா பார்த்துப் பழகியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல்முறை கிளம்புகிறவர்கள்தாம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, காசையும் பொழுதையும் தொலைத்து, அந்த எரிச்சலில் ஒரு தவறான முடிவும் எடுக்கிறார்கள். அந்த முடிவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பில் அதிகம் சொல்லப் போகிறோம். மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறோம்.

எந்தப் பூங்கா

கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகவில்லையென்றால் தூரம் போகாதீர்கள். கன்னியாகுமரியில் அஸ்தமனம் பார்க்கும் பகுதிக்கு அருகில் பேவாட்ச் இருக்கிறது. அரை நாள் தண்ணீரில் ஆடிவிட்டு, அங்கேயே மெழுகுச் சிலைகளையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு சேரலாம். முதல் பயணத்துக்கு அது தாராளம்.

பிள்ளைகள் சற்று வளர்ந்தவர்கள் என்றால் இரண்டு வழிகள். வடக்கே மதுரை பரவையில் அதிசயம் பூங்கா. மேற்கே கொச்சிப் பள்ளிக்கரையில் வொண்டர்லா. 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டது இதுதான். சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் வட்டாரத்திலும் 2025 டிசம்பரில் ஒரு வொண்டர்லா வந்திருக்கிறது. அதைச் சென்னைக்கு வேறு வேலையாகப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். பெரிய ராட்டினங்களில் பலவற்றுக்கு 140 செ.மீ. உயரம் கேட்பார்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் அளவுகோலில் இரண்டு விரற்கடை குறைகிறதென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், ராட்டினக்காரரிடம் சண்டை போட்டு என்ன பயன்? விதி பலகையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

எந்த நாள்

கூட்டத்தைத் தவிர்ப்பதில் பாதி வேலை காலண்டரிலேயே முடிந்துவிடும்.

- கேரளத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பள்ளி விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு லீவு விடும்போது கொச்சி ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.
- விஷு, சித்திரை முதல் நாள், மே 1, இவற்றை ஒட்டிய சனி ஞாயிறு: போகவே வேண்டாம்.
- செவ்வாய், புதன், வியாழன் நல்லது.
- சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரிப் பக்கம் பூங்காத் திட்டம் வேண்டாம். சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க ஊரே திரளும் நாள் அது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.
- இரு மாநிலங்களிலும் பள்ளி திறக்கும் தேதியைப் பாருங்கள். 2024-இல் கேரளத்தில் ஜூன் 3, தமிழ்நாட்டில் ஜூன் 10. நடுவில் ஒரு வாரம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் லீவு. 2025-இல் இரண்டும் ஜூன் 2 ஆனதால் அந்த வாய்ப்பு இல்லை. இந்த முறை அறிவிப்பு வந்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.
- சாரலுக்குப் பயப்படாதீர்கள். எப்படியும் நனையத்தானே போகிறீர்கள்? லேசான தூறல் நாளில் வரிசை பாதியாகும். ஆனால் இடி மின்னல் என்றால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். 2025-இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மே 24-லேயே தொடங்கிவிட்டது. ஆகவே வானிலைச் செய்தியைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள்.

டிக்கெட், பயணம்

ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கும். பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பர் 1-உடன் போயிற்று. தட்கல் முந்தைய நாள்: ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதுக்கு 11 மணி. கொச்சிப் பூங்காவுக்கு எர்ணாகுளத்திலோ ஆலுவாவிலோ இறங்கலாம். பூங்கா டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுங்கள். டிக்கெட் எடுக்கும் வரிசையே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

சாலை வழி போகிறவர்கள் கேளுங்கள். நாகர்கோவிலிலிருந்து கொச்சி 275 கி.மீ. அளவு. நடு ராத்திரி வேன் எடுத்து, பகல் முழுக்க ஆடி, அன்றிரவே திரும்புவது கூடாது. ஓட்டுநரும் மனிதர்தான். ஓர் இரவு தங்குங்கள்.

பை கட்டும்போது

- நைலான் நீச்சல் உடுப்பு. பருத்தி உடுப்போடு நீர் விளையாட்டில் பல இடங்களில் விடமாட்டார்கள். அங்கே போய் வாங்கினால் விலை கூடும்.
- மாற்று உடுப்பு, துவர்த்து, ரப்பர் செருப்பு.
- செயின், கம்மல், கொலுசு வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீரில் விழுந்த பவுனைத் தேட முடியாது.
- வாந்தி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து.
- ஏத்தங்காய் உப்பேரியும் முறுக்கும் வண்டியில் தின்ன. வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பூங்காக்களில் உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தைக்கு உரியதை விடுவார்கள்.
- பிள்ளையின் கையில் தண்ணீரில் அழியாத பேனாவால் உங்கள் போன் எண்.

உள்ளே போனபின்

கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது மதியத்தில் மூன்று மணி நேரம் நின்றாலும் கிடைக்காது. எல்லோரும் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் ராட்டினத்தில் போய் நிற்பார்கள். நீங்கள் கடைசிக் கோடிக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பெரிய ராட்டினம் முதலில், சிறியது பிறகு. சாப்பாடு பன்னிரண்டுக்குள் அல்லது இரண்டுக்கு மேல். ஒன்றே கால் மணிக்கு உணவகத்தில் நிற்பது வீண்.

வரிசையில் சேருமுன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 20 பேர், ஏறி இறங்க 4 நிமிடம் என்றால் மணிக்கு 300 பேர். உங்களுக்கு முன்னால் 300 தலை தெரிந்தால் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரத்துக்கு அந்த ராட்டினம் தகுமா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். சில பூங்காக்களில் கூடுதல் காசுக்குத் தனி வரிசைச் சீட்டு உண்டு. சாதாரணப் புதன்கிழமைக்கு அது தேவையில்லை. மே மாதச் சனிக்கிழமை போயே தீருவேன் என்கிறவர்களுக்குத்தான் அது.

தொலைந்தால் சந்திக்க ஓர் இடத்தை நுழைந்தவுடன் காட்டிக்கொடுங்கள். தண்ணீரில் இருக்கும் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பது காவலாகாது.

இனி முக்கியமான விஷயம்

வாசலில் கூட்டத்தைப் பார்க்கிறீர்கள். அல்லது உள்ளே ஆடி முடித்து நாலு மணிக்கே வெளியே வருகிறீர்கள். பிள்ளைகளுக்கு ஆசை தீரவில்லை. வண்டியில் யாரோ ஒருவர் சொல்வார்: "பக்கத்துல ஒரு பீச் இருக்கு, ஒரு ஆளும் இருக்காது, சும்மா காலை நனைச்சிட்டு வருவோம்." அந்த ஒருவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பூங்காவில் ஆளில்லாத மூலையைத் தேடுவது புத்திசாலித்தனம். கடலோரத்தில் அதே புத்தி உயிரை எடுக்கும். நம் மாவட்டத்தில் ஒரு கடற்கரை கோடை விடுமுறையிலும் காலியாகக் கிடந்தால், இறங்குகிறவர்களைப் பார்க்கவும் தூக்கவும் அங்கே யாருமில்லை என்று பொருள். அந்த ஊர் மீனவரே அங்கே பிள்ளையை இறக்கமாட்டார்.

2024 மே 6-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. திங்கட்கிழமை காலை. திருமணத்துக்கு வந்த இளம் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போயிற்று. ஐந்து பேரும் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. கடற்கரை வழி அடைக்கப்பட்டிருந்ததால் தென்னந்தோப்பு வழியாக உள்ளே போனார்கள் என்று போலீசார் அப்போது தெரிவித்தார்கள். படித்தவர்கள், உயிரின் அருமை தெரிந்தவர்கள். அலைக்கு அதெல்லாம் தெரியாது.

கள்ளக்கடல் எப்படி வருகிறது? பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயற்காற்று அடிக்கும். அங்கே எழும்பும் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து கேரளக் கரையிலும் நம் கரையிலும் வந்து ஏறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். அலைக்கும் அலைக்கும் இடையில் நேரம் அதிகம் என்பதால் கடல் அடங்கிவிட்டதாகத் தோன்றும். அடுத்தது வரும்போது முழங்கால் அளவு தண்ணீர் மார்பளவு ஆகும். இது பெரும்பாலும் பருவமழைக்கு முந்தைய மாதங்களில், அதாவது உங்கள் பிள்ளைகளின் லீவுக் காலத்தில் வருகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அது செய்தியில் வருகிறது, ஊராட்சி ஒலிபெருக்கியில் வருகிறது. கேட்பதுதான் பாக்கி.

இன்னொன்று. பூங்காவின் அலைக்குளத்தில் பகல் முழுக்க ஆடிய பிள்ளை, எனக்கு அலை பழகிவிட்டது என்று நம்பும். அந்தக் குளத்தின் அலையை ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். தரை சிமென்ட். மேலே ஊதலோடு காவலர் நிற்கிறார். நம் மேற்குக் கடற்கரையில் இரண்டடி எடுத்து வைத்தால் மணல் சட்டென்று இறங்கும், திரும்பும் நீர் காலடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். அலை உடையாமல் சாதுவாகத் தெரியும் இடைவெளிதான் உள்ளே இழுக்கும் ஓட்டத்தின் வாய். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துத்தான் 'இங்கே அமைதியாக இருக்கிறது' என்று பிள்ளையை இறக்குகிறார். ஆகவே பூங்காவிலிருந்து வந்த அன்று பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப்போவது மற்ற நாளைவிட ஆபத்து: தைரியம் கூடியிருக்கும், உடம்பு களைத்திருக்கும்.

'முட்டளவுதானே' என்று சொல்லாதீர்கள். 'நான் பக்கத்தில்தானே நிற்கிறேன்' என்று சொல்லாதீர்கள். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்றும் சொல்லாதீர்கள். ஆற்றிலும் குளத்திலும் படித்த நீச்சல் இந்தக் கடலில் உதவாது. எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துவிட்டு அதைத் தாண்டி இறங்குகிறவர்களிடம் இதற்கு மேல் எந்த மொழியில் சொல்வது?

கடலைப் பார்க்க வேண்டுமா, பாருங்கள். சொத்தவிளையில், சங்குத்துறையில், முட்டத்தில் மேட்டில் உட்கார்ந்து, செருப்பு நனையாத தூரத்தில் இருந்து பாருங்கள். முட்டத்துப் பாறைகளின் விளிம்புக்குப் போகாதீர்கள்: பாசி வழுக்கும், அலை மேலே ஏறும். பொழுது மிஞ்சினால் கடல் இல்லாத இடங்கள் இருக்கின்றன. மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திற்பரப்பு போவதானால் குளிக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒருவர் இழுபட்டுவிட்டால்

பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் வரிசையாக இறந்தவர்கள் கதை நம் கரையில் உண்டு. கத்தி மீனவர்களைக் கூப்பிடுங்கள். கயிறு, காலிக் குடம், அடைத்த கேன், மிதக்கும் எதையும் எறியுங்கள். இழுபட்டவர் கரையை நோக்கி ஓட்டத்தை எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு விட்ட பிறகுதான் கரை.

அவசர உதவி 112. ஆம்புலன்ஸ் 108. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த நான்கையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பூங்காவில் கூட்டமென்றால் நின்று ஆடுங்கள், இல்லையேல் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அதுவும் இல்லையேல் காசு போனால் போகட்டுமென்று வீட்டுக்கு வாருங்கள். ஆளில்லாத கடலில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.