உளியும் எழுதுகோலும்



நாம் ஏன் கற்கிறோம்? இவ்வினாவிற்கு நம் இல்லங்களில் பெரும்பாலும் இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. ‘தேர்வில் தேறுவதற்காக’ என்பது ஒன்று. ‘எங்களைப்போல் நீயும் துன்பப்படாமல் இருப்பதற்காக’ என்பது மற்றொன்று.

முதல் விடை இப்போது வலுவிழந்துவிட்டது. 1988ஆம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. தேர்வு நின்றது, பள்ளிக்கூடம் நிற்கவில்லை. ஆகவே கற்றலின் பயன் தேர்வினும் பெரியதாதல் வேண்டும்.

இரண்டாவது விடை அன்பினாற் பிறந்தது. ஆயினும் அதனுள் ஒரு தீங்கு மறைந்துள்ளது. ‘படித்தவனுக்கு உழைப்பு வேண்டா, உழைப்பவனுக்குப் படிப்பு வேண்டா’ என்னும் எண்ணம் அதனால் பிள்ளையின் நெஞ்சில் வேரூன்றிவிடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை, தன் தந்தையின் காய்த்துப்போன கைகளைக் கண்டு நாணுகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையோ, கல்வியே தனக்குரியதன்று என்று ஒதுங்கிவிடுகிறது. இவ்விரு இழப்புகளையும் நாம் தடுத்தாக வேண்டும். கல்வியும் உழைப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை நாம் நன்கறிந்த ஒரு தொழிலைக்கொண்டே ஆராய்வோம்.

உழைப்பினுள் உறையும் அறிவு

பால்மரம் சீவுதல், காண்பவர் கண்ணுக்கு எளிய கைவேலையாகத் தோன்றும். ஆனால், மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் மிகுதியாகச் செறிந்துள்ளன. அவற்றிற்கும் கட்டைக்கும் இடையே, புதிய பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படை இருக்கிறது. உளி ஆழமாக இறங்காவிடில் பால் குறையும். அளவுக்கு மிஞ்சி இறங்கினால் வளர்படை காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் சீவுதல் அரிதாகும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையே சீவப்படுகிறது. அவ்வளவு நுட்பம் நம் பெற்றோரின் கைகளில் அமைந்துள்ளது.

வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருப்பது ஏன்? பால் குழாய்கள் பட்டையினுள் சற்றே சாய்ந்து செல்கின்றன. அவ்வாறு சீவினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியற்காலையில் சீவுவது ஏன்? வெயில் ஏறாத பொழுதில் இலைகள் வழியே நீர் மிகுதியாக வெளியேறுவதில்லை. மரத்தினுள் அழுத்தம் நிறைந்திருக்கும். பால் நன்கு வடியும். நம் பாட்டனாரும் பாட்டியாரும் நாள்தோறும் செய்த வேலையில் உயிரியல் பாடம் அடங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை.

உளியை ஏந்திய அறிஞர்

இம்முறை தானாகத் தோன்றியதன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்திற்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. ஆனால் மரம் வளர்ந்தால் மட்டும் போதுமா? அமேசான் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரங்கள் பெரிதும் காயமுற்றன.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இதனை ஆராய்ந்தார். பழைய வெட்டின் விளிம்பையே மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவினால், மரமும் வாழும், பாலும் தொடர்ந்து கிட்டும் என்று செய்து காட்டினார். ரப்பர் பயிரிடுமாறு தோட்ட உரிமையாளர்களை அவர் ஓயாது வற்புறுத்தியமையால், ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவரை எள்ளினர். பின்னர் அவர் சொன்ன மரமே இந்நாட்டின் பெருஞ்செல்வமாயிற்று. ஏடு கற்றவர் உளியைத் தொட்டமையால் விளைந்த பயன் இது. அவ்வாறாயின், உளியைத் தொட்டவர் ஏட்டைக் கண்டு ஒதுங்குவானேன்?

கணக்கறிந்த உழைப்பு

ஒருவர் 20 கிலோகிராம் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கிறார் எனக் கொள்வோம். அதில் 30 விழுக்காடு ரப்பர் இருப்பின், உலர்ந்த ரப்பர் 6 கிலோகிராம். 35 விழுக்காடு இருப்பின் 7 கிலோகிராம். உலர்ந்த எடைக்கே கூலி கணக்கிடப்படுமாயின், அந்த ஒரு கிலோகிராம் வேறுபாடு அவருடைய வியர்வைக்கு உரிய விலையாகும். விழுக்காடு அறிந்தவர் தம் கணக்கைத் தாமே சரிபார்ப்பார். அறியாதவர் பிறர் சொல்லும் எண்ணை ஏற்றுக்கொள்வார். வகுப்பறையில் கற்கும் கணிதம் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு இதுவே விடை.

நோக்கமுள்ள உழைப்பு

இந்நாட்டில் தமிழ் வகுப்பு 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. லயத்தின் ஓர் அறையே பள்ளியாகவும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் இருந்த தோட்டங்கள் உண்டு. அத்தகைய எளிய இடங்களிலும் நம் முன்னோர் எழுத்தறிந்தனர்.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டுகளாக விற்கப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அவ்வேளையில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப்பணத்தைக்கொண்டு, கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அவர்கள் முன்னரும் மரம் சீவினர்; பின்னரும் மரம் சீவினர். ஆனால் பங்கு, சேமிப்பு, கூட்டுறவு என்பவற்றின் பொருளை அறிந்து ஒன்றுபட்டபோது, கூலிக்காரர் பங்குதாரர் ஆயினர்.

நாம் செய்யவேண்டுவன

இன்று ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. நம் குடும்பங்கள் பல நகர்ப்புறம் சேர்ந்துவிட்டன. தந்தை லாரி ஓட்டலாம். தாய் தொழிற்சாலைக்குச் செல்லலாம். தொழில் மாறினும் மேற்கூறிய உண்மை மாறுவதில்லை. வள்ளுவப் பெருந்தகையார் கல்விக்கு ஓர் அதிகாரமும், கேள்விக்கு ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளமையை எண்ணிப் பார்ப்போம்.

பெற்றோர்களே! ‘என் வேலை உனக்கு வேண்டா’ என்று கூறுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவ்வேலையில் நீங்கள் கண்டறிந்த நுட்பங்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். மாணவச் செல்வங்களே! உங்கள் தாய் தந்தையர் கையாளும் கருவியின் பெயர் யாது, அதனை ஏன் அவ்வாறு பிடிக்கின்றனர், அவர்களின் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று கேட்டு, ஏட்டில் எழுதுங்கள். நாளை நீங்கள் மருத்துவராகலாம், பழுது பார்ப்பவராகலாம், விவசாயியாகலாம். எத்தொழிலாயினும் அதன் காரணத்தை அறிந்து செய்வீர்களாக. அறிந்து செய்யும் உழைப்பே ஒருவரை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

செய்து பார்க்க:

1. 24 கிலோகிராம் பாலில் 35 விழுக்காடு ரப்பர் இருப்பின், உலர்ந்த ரப்பரின் எடை யாது?
2. உங்கள் வீட்டில் ஒருவர் செய்யும் தொழிலைப் பற்றி, ‘ஏன்’ என்னும் வினாக்கள் மூன்றனை எழுப்பி, அவர் கூறும் விடைகளைப் பத்து வரிகளில் எழுதுக.